ஈவினிங் லயன்ஸ் பிறந்த கதைகள்

முதன்முதலாகச் சந்திக்கிற யாரிடமும் மேனேஜர் பெயர் கேட்டு நான் பார்த்ததில்லை. "உங்களுக்கு எந்த ஊரு?" என்றுதான் கேட்பார். கேட்டுவிட்டுத் தலையைக் கொஞ்சம் சாய்த்து, பதில் வரும்வரை கண்ணை எடுக்காமல் நிற்பார். திருவையாறு என்றாலும் பெரம்பூர் என்றாலும் அவர் முகம் ஒரே மாதிரி மலரும். "அட!" என்பார். அந்த ஒரு 'அட'வுக்காகவே நம் ஊரை இன்னொரு முறை சொல்லலாம் போலிருக்கும்.

அவர் பிழைப்பு அப்படி. தி.நகரில் ஐந்து மாடி ஜவுளிக்கடை ஒன்றில், பட்டுப் பிரிவில், வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவர். அலமாரியிலிருந்து முதல் சேலையை உருவுவதற்கு முன் வந்தவருக்கு எந்த ஊர், என்ன விசேஷம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அந்தப் பிரிவின் பால பாடம். ஊர் தெரிந்தால் எந்த நிறத்தை எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பது தெரிந்துவிடும். அப்புறம் விரிக்கிற முதல் சேலையையே, "இது உங்களுக்காகத்தான் வந்து உட்கார்ந்திருக்கு" என்று சொல்லிவிடலாம். பத்தில் எட்டுப் பேர் நம்பிவிடுவார்கள் என்பார் மேனேஜர். மீதி இரண்டு பேர்?

"அவங்க ஊரை மாத்தி சொல்லியிருப்பாங்க."

கடையில் அவர் மேனேஜர் இல்லை, சேல்ஸ்மேன். அந்தக் கடைக்கு டை கட்டிய மேனேஜர் ஒருவர் தனியாக உண்டு. ஆனால் டை கட்டியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இவரைத்தான் வாட்ச்மேன் முதல் முதலாளி வரை மேனேஜர் என்றார்கள். ஈவினிங் லயன்ஸ் கால்பந்துக் கழகத்தின் மேனேஜர் என்று அர்த்தம். அவர் மனைவியும் அப்படித்தான் கூப்பிட்டார்.

ஒரு மேனேஜரின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் அவர் வென்ற கோப்பைகளிலிருந்து தொடங்குவது வழக்கம். எங்களிடம் இரண்டு கோப்பைகள் இருந்தன. ஒன்றில் ஒரு பக்கக் கைப்பிடி இல்லை. இன்னொன்றைக் கிட்டத்தில் போய்ப் படித்தால் கேரம் போட்டிக்குக் கொடுத்தது என்று தெரியும். லீக்கின் கீழ் டிவிஷன்களில் ஒரு வருடம் மேலே ஏறுவோம். அடுத்த வருடம் பத்திரமாக இறங்கி வந்துவிடுவோம். இருந்தும் மயிலாப்பூர், மந்தைவெளி, சாந்தோம் வட்டாரத்தில் பந்தாடத் தெரிந்த எவனைக் கேட்டாலும், மேனேஜர் என்றால் இவர்தான். காரணம் சாதாரணமானது. எங்களைவிட நன்றாக ஆடிய கிளப்புகள் மைதானம் இல்லாமல், ஜெர்சி இல்லாமல், ஆள் இல்லாமல் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. எங்களுடையது மூடவில்லை. அதை மூட யாருக்கும் மனது வராதபடி மேனேஜர் பார்த்துக்கொண்டார். எப்படி என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

சாந்தோம் பக்கம் மாதா கோயில் ஒன்றின் பள்ளி மைதானத்தில் காலை ஐந்தரைக்கு எங்கள் பயிற்சி. மழை பெய்தாலும் காலை ஐந்தரைதான். ஒன்பது மணிக்கு மேனேஜர் கடையில் இருக்க வேண்டும். காலையில் மட்டுமே கூடுகிற கிளப்புக்கு ஏன் ஈவினிங் என்று பெயர் என்று நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். எனக்குத் தேவைப்படவில்லை. அதற்கான பதில் என் வீட்டிலேயே இருந்தது.

என் அப்பா பட்டினப்பாக்கத்தில் மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர். மூன்று சக்கரம், முன்னால் பலகை, அதில் மீன் கூடையும் ஐஸ் கட்டியும் சில சமயம் பீரோவும் ஏறும். நான் பிளஸ் டூ படித்தபோது ரைட் பேக் ஆட ஆள் இல்லையென்று மேனேஜர் எங்கள் குடியிருப்புக்கு வந்தார். அப்பா வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பந்து கிந்துலாம் வாணா சார். எங்கூட்ல பஷ்ட்டு பஷ்ட்டு படிக்கிற புள்ள. காலு போனாகூட பரவால்ல, படிப்பு பூடும்."

"அத்த வுடு நைனா. உனுக்கு எந்த ஊரு?"

"இன்னா எந்த ஊரு? இதான் ஊரு. எங்க தாத்தா காலத்துலேந்து இதே கடலு."

"அட!" என்றார் மேனேஜர். "அப்ப உனுக்கு விசயம் தெரிஞ்சிருக்கும். ஈவினிங் லயன்ஸ் ஆரம்பிச்சதே ஒரு மீன்பாடி வண்டிலதான்."

அப்பா கழுவுவதை நிறுத்தினார்.

"நாலு சவுக்குக் கட்டதான் நைனா கோல் போஸ்ட்டு. அத்த வச்சிட்டு வர எடம் கெடையாது. உங்காளு ஒருத்தரு டெய்லி சாயங்காலம் வண்டில ஏத்தினு வந்து நட்டுட்டு, இருட்டுனா புடுங்கினு போவாரு. அந்த சாயங்காலம்தான் ஈவினிங்கு. அவுரு இல்லன்னா இன்னிக்கு கிளப்பே இல்ல."

மறுநாள் காலை ஐந்து மணிக்கு அப்பாவே என்னை எழுப்பினார். வண்டியின் முன் பலகையில் என்னை உட்கார வைத்து, மைதானத்துக்குள் மிதித்துக்கொண்டு போனார். வாசலோடு நிறுத்தவில்லை. நடுக்கோடு வரை போய், ஒரு சுற்று சுற்றித்தான் இறக்கிவிட்டார்.

நான் நல்ல ரைட் பேக் ஆகவில்லை. பட்டப்படிப்பில் சேர்ந்தபோது என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். மெயில் எழுத ஆள் வேண்டும் என்பது ஒரு காரணம். என்னை ஆட விடாமல் தடுக்க மரியாதையான வழி அதுதான் என்பது இன்னொரு காரணம். அந்த வேலையை நான் மிகவும் மதித்தேன். எங்கள் வீட்டுக்கு வருகிற எந்தத் தாளையும் முதலில் படித்தவன் நான். ரேஷன் கார்டில் அம்மாவின் வயது அப்பாவைவிட நான்கு கூடுதலாகப் பதிந்திருக்கிறது. திருத்தலாம் என்றதற்கு அம்மா, "கார்டுல அப்டிதான் கீது. அப்ப அதான் வயசு" என்றுவிட்டாள். எழுத்தில் இருந்தால் உண்மை என்று நம்புகிற வீட்டில் எழுதத் தெரிந்தவன் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்! நான் அப்படித்தான் இருந்தேன்.

மேனேஜரின் ஆட்ட முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வியூகம், அமைப்பு என்று எதுவும் அவர் பேச மாட்டார். வெள்ளைச் சட்டை, இடுப்பில் ஏற்றிக் கட்டிய பேன்ட், கையில் மடித்த குடையோடு எல்லைக்கோட்டை ஒட்டி நடந்துகொண்டே இருப்பார். அந்தப் பக்கம் எதிரணியின் லெஃப்ட் பேக் நின்றால், "தம்பிக்கு எந்த ஊரு?" என்று தொடங்குவார்.

"வாணியம்பாடி சார்."

"அட! வாணியம்பாடில எங்க? பஸ் ஸ்டாண்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

பையன் யோசிக்கிற அந்த இரண்டு நொடியில் எங்கள் விங்கர் அவனைத் தாண்டிப் போயிருப்பான். இப்படி விழுந்த கோல்கள் எத்தனையோ. ஒரே ஒருமுறைதான் பலிக்கவில்லை. கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட மேனேஜரை நடுவர் எச்சரித்தார். "சாருக்கு எந்த ஊரு?" என்றார் இவர். "ஆட்டம் முடியட்டும், சொல்றேன்" என்று நடுவர் விசிலை ஊதிவிட்டார். அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். மேனேஜர் வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார். தோற்றதற்காக அல்ல. "கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல பாரேன், அந்த ஆளு" என்றுதான்.

இன்னொன்றையும் அப்போதே கவனித்தேன். எதிரில் யார் நிற்கிறாரோ அவர் பேச்சுதான் மேனேஜர் வாயில் வரும். கடை முதலாளி அண்ணாச்சி வந்தால், "வாங்க அண்ணாச்சி, சொகமா இருக்கீயளா?" மாட வீதி மாமி பட்டு எடுக்க வந்தால், "ஆத்துல எல்லாரும் சௌக்கியமா மாமி? பொண்ணு ஊர்லேர்ந்து வந்துண்டிருக்காளா?" எங்களிடம், "இன்னா நைனா." இது வியாபாரிக்கு உள்ள திறமை என்று எடுத்துக்கொண்டேன். மூன்றில் எது அவருடைய சொந்தப் பேச்சு என்று யோசிக்கத் தோன்றவில்லை.

கிளப்பின் ஐம்பதாவது ஆண்டு நெருங்கியபோதுதான் சிக்கல் வந்தது. கோயிலுக்குப் புதிய பங்குத்தந்தை வந்திருந்தார். ஒல்லியான, கண்ணாடி போட்ட, எதையும் நிதானமாகக் கேட்கிற ஃபாதர். பள்ளி மைதானத்தைக் காலை வேளையில் தங்களுக்கே தரும்படி ஈ.சி.ஆர். பக்கம் இருக்கிற ஒரு கால்பந்துப் பயிற்சி நிறுவனம், கோயில் காரியங்களை முடிவு செய்கிற பங்குப் பேரவையிடம் கேட்டிருந்தது. பிள்ளைகள் காரில் வந்து இறங்கிக் கற்றுக்கொள்கிற மாதிரியான நிறுவனம்.

"ஈவினிங் லயன்ஸ் நம்ம பங்குல பொறந்த கிளப்புன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்படின்னா மைதானம் உங்களுக்குத்தான், நானே பேரவைல பேசறேன். ஆனா எழுத்துல ஒண்ணும் இல்லையே தம்பி" என்றார் ஃபாதர் என்னிடம். "கிளப் வரலாற்றை எழுதிக் குடுங்க."

மேனேஜர் இதைக் கேட்டுக் கலங்கவேயில்லை. ஐம்பதாவது ஆண்டு விழா எடுப்போம், சின்னதாக ஒரு மலர் போடுவோம், அதில் வரலாறு வரும், விழாவில் அதையே மேடையில் வாசிப்போம் என்றார். "நீதான் நைனா படிச்சவன். எல்லாரையும் பாத்து, கேட்டு, எழுதிடு."

எல்லோரையும் பார்த்தேன், கேட்டேன். அதுதான் நான் செய்த தவறு.

ஃபாதர் சொன்னது: மறைக்கல்வி வகுப்புக்குப் பிள்ளைகள் வராத காலத்தில், மாலை ஜெபம் முடிந்ததும் பந்து உண்டு என்று ஆசை காட்டி ஆரம்பித்ததாம். அதனால்தான் ஈவினிங். "மேனேஜரே சொன்னாரு. முதல் பந்து சாக்ரிஸ்டில, பீடத்துக்குப் பின்னாடி ரூம்ல, பூசை உடுப்பு பீரோவுக்குக் கீழதான் இருந்துதாம்."

வருடா வருடம் ஜெர்சி தருகிற கடை முதலாளி அண்ணாச்சி சொன்னது: "எங்க அப்பா தென்காசிப் பக்கத்துலேர்ந்து வந்து எறங்குன அன்னைக்குச் சாயங்காலம், தங்க எடமில்லாம மைதானத்துல பையத் தலைக்கு வச்சிப் படுத்திருக்காவ. சுத்தி வெளாண்ட பயலுவளுக்குக் கையில இருந்த காசுல பந்து வாங்கிக் குடுத்திருக்காவ. அந்தச் சாயங்காலம்தாம்ல ஈவினிங்கு. எங்க அப்பா இதை எங்கிட்டச் சொன்னதே இல்ல, பெருந்தன்மை. மேனேஜர் சொல்லித்தான் தெரியும்."

மூன்றாவது என் அப்பாவின் கதை. அதை எழுதிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை.

கடைக்கே போனேன். மதிய நேரம், கூட்டமில்லை. யாரோ பார்த்துவிட்டு எடுக்காமல் போன சேலைகள் மெத்தை முழுக்க விரிந்து கிடந்தன. மேனேஜர் மடித்துக்கொண்டிருந்தார்.

"மேனேஜர், நம்ம கிளப்பு மொத்தம் எத்தனை தடவை பொறந்தது?"

"இந்த முந்திய கொஞ்சம் புடி நைனா."

பிடித்தேன். அவர் மறுமுனையைப் பிடித்து உதறினார்.

"ஃபாதருக்கு ஒண்ணு, அண்ணாச்சிக்கு ஒண்ணு. எங்கப்பாவுக்கு ஒண்ணு. அந்த மீன்பாடி வண்டி, நாலு சவுக்குக் கட்டை எல்லாம் பொய்யா?"

"கிட்ட வா. மடிக்கணும்ல." நான் கிட்டப் போனேன். என் கையிலிருந்த முனையை வாங்கித் தன் முனையோடு சேர்த்தார். "உங்கப்பா நல்லா கீறாரு இல்ல?"

"அது இல்ல கேள்வி."

"ஏன்? மின்னாடிலாம் ஊட்டுக்கு வந்து வண்டிய ஒதச்சிட்டு படுப்பாருன்னு நீதான் சொன்ன. இப்ப ஒதைக்கிறாரா?"

 அப்பா வண்டியின் முன் பலகையில் ஈவினிங் லயன்ஸ் என்று பெயின்ட் அடித்து வைத்திருந்தார். சிங்கத்துக்குப் பதில் பூனை மாதிரி ஏதோ ஒன்று வந்திருந்தது. மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு வருடமும் அதற்கு மறுபடி வர்ணம் பூசுவார்.

"மூணு பேரும் ஒரே மேடைல உட்காரப் போறாங்க. நான் எந்தக் கதையை வாசிக்கிறது?"

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மேனேஜரின் கை நின்றது. சேலை விற்கிறவர் எவரும் மூன்று ஊர்க்காரர்களுக்கு ஒரே சேலையை ஒரே நேரத்தில் விரித்துக் காட்டுவதில்லை. ஐம்பது வருடமாகத் தனித்தனியாகப் பார்த்த வாடிக்கையாளர்களை, விழா என்ற பெயரில் அவரே ஒரு மெத்தையில் கூட்டிவிட்டார். அதை அந்த நிமிடம்தான் உணர்ந்தார் என்று நினைக்கிறேன்.

விழாவுக்கு ஒரு வாரம் இருந்தபோது மைதானத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் எங்கள் விழா நோட்டீஸ். "ஈவினிங் லயன்ஸ்னு போட்டுகீதே, அது நீங்கதானா?" என்று என்னிடம் கேட்டார். தூரத்திலிருந்து அவரைப் பார்த்த மேனேஜர் எந்த ஊர் என்று கேட்கவில்லை. "டீ சொல்லிட்டு வரேன்" என்று கேட்டைத் தாண்டிப் போனவர், அன்று காலை திரும்பவே இல்லை.

பெரியவர் சிந்தாதிரிப்பேட்டை. ஈவினிங் லயன்ஸின் கேப்டன். எங்களுடையதற்கு அல்ல, அசலுக்கு.

"நாங்க எல்லாம் லேத்து பட்டறை, பைண்டிங் கடைல வேல செய்றவங்க சார். சாயங்காலம் வேல வுட்டாதான் ஆட முடியும். அதான் ஈவினிங்கு" என்றார். ஐம்பது வருடக் குழப்பம் ஒரு வரியில் தீர்ந்தது. "லீக்ல பேரு குடுத்திருந்தோம். அன்னிக்கி மேட்ச்சு. அதே நாள்ல எங்க கோலிக்கு, அதான் கோல்கீப்பருக்கு, கல்யாணம், திருப்போரூர்ல. கோலி கல்யாணத்துக்குப் போவாம மேட்ச்சுக்கா போவ முடியும்? தோத்ததா இருக்கட்டும்னு மொத்த டீமும் பஸ் ஏறிட்டோம்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, மறுநாள் பேப்பர்ல ஒரு வரி வந்துகீது. ஈவினிங் லயன்ஸ் ரெண்டுக்கு ஒண்ணு ஜெயிச்சிடுச்சாம். எங்க சென்டர் ஃபார்வர்டு ரெண்டு கோலாம். அவன் அந்த நேரத்துல கல்யாணப் பந்தில சாம்பார் வாளி தூக்கினு கீறான் சார்! நான்தான் எலயில கை கழுவாம உட்காந்து, இன்னொரு கரண்டி ஊத்துடான்றேன்."

நடந்தது இதுதான். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிற இளைஞன் ஒருவன் அன்று இருந்திருக்கிறான். ஓர் அணி வரவில்லை, நடுவர் எதிரணிக்கு வெற்றி என்று எழுதப் போகிறார். "வந்துட்டாங்க சார், டீ குடிச்சினு கீறாங்க" என்று அவன் சொல்லியிருக்கிறான். டீக்கடைக்கு ஓடி, அங்கே நின்றவர், நடந்தவர் என்று கையில் கிடைத்த பதினோரு பேரை இழுத்து வந்து, பட்டியலில் இருந்த சிந்தாதிரிப்பேட்டைப் பெயர்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்து இறக்கிவிட்டான். ஜெயித்தும் விட்டார்கள்.

"அடுத்த ஞாயித்துக்கெழம எங்க தெருவுக்கே வந்து நின்னான். 'பேரு உங்களுது, ஆட்டம் எங்களுது. இன்னா பண்ணலாம்?'ன்னான். எங்க கோலி மாமனாரு ஊர்லயே தங்கிட்டான். ரெண்டு பேரு வேல மாறிட்டான். சரி, பேரையாவது நல்லா வச்சிக்கன்னு குடுத்துட்டோம்."

"நீங்க புகார் குடுக்கலையா?"

பெரியவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஜெயிச்ச மேட்ச்சுக்கு எவனாவது கம்ப்ளெயின்ட் குடுப்பானா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "எம் பேரனாண்ட அந்த மேட்ச்சத்தான் சார் சொல்லினு வரேன். ரெண்டாவது கோலுக்கு நான்தான் பாஸு. விழாவுக்கு அவனையும் இட்டாரலாமா?"

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, கேட்டதைக் கேட்டபடி எழுதினேன். சாக்ரிஸ்டி இல்லை, தென்காசி இல்லை, மீன்பாடி வண்டி இல்லை. இதை வாசித்தால் மைதானம் போய்விடும் என்று எனக்குத் தெரியும். கிளப் இந்தப் பங்கில் பிறக்கவில்லை. சொல்லப்போனால் திருப்போரூர்க் கல்யாண மண்டபத்தில் பிறந்தது. ஆனால் என் பெயர் போட்டு அச்சாகிற முதல் எழுத்து அது. அதை அம்மா ரேஷன் கார்டோடு சேர்த்து வைப்பாள்.

எழுதியதை மேனேஜரிடம் காட்டினேன், கேப்டன் தன் பேரனிடம் சொல்லிவருகிற பாஸைப் பற்றியும் சொன்னேன். படித்தார். மறுக்கவில்லை, கோபப்படவில்லை. "நல்லா எழுதிகீற" என்றார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டு, எதையும் அடிக்காமல் மறுபடி சொருகிக்கொண்டார். "படிக்கும்போது மட்டும் அவசரப்படாத. நிறுத்தி நிறுத்திப் படி."

விழா பள்ளி ஹாலில், ஞாயிறு மதியம். மேடையில் ஃபாதர், அண்ணாச்சி, சிந்தாதிரிப்பேட்டைக் கேப்டன். கடைசி நாற்காலியில் என் அப்பா, இரவல் சட்டையில். அப்பாவை மேடை ஏற்றியது மேனேஜர். நான் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன்.

நான் வாசித்தேன். கல்யாணம் வந்தபோது சிரித்தார்கள். சாம்பார் வாளிக்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். பிறகு கடைசிப் பத்தி வந்தது. "டீக்கடையிலிருந்து அன்று இறங்கி ஆடிய அந்தப் பதினோரு பேர்தான் இன்றைய ஈவினிங் லயன்ஸ். அவர்கள் யார், எந்த ஊர் என்று இன்று யாருக்கும் தெரியாது."

சிரிப்பு நின்றது. ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அண்ணாச்சி மேனேஜரை முறைத்தார். நான் அப்பாவைப் பார்க்காமல் தாளை மடித்தேன்.

அப்போது மேனேஜர் கீழ் வரிசையிலிருந்து எழுந்து வந்து, மைக்கை என் கையிலிருந்து வாங்கினார்.

"யாருக்கும் தெரியாதுன்னு நம்ம செயலாளர் எழுதியிருக்காரு. அவரு சின்னப் பையன். எனக்குத் தெரியும். நான்தானே கூட்டிட்டு வந்தேன்."

ஃபாதர் பக்கம் திரும்பினார். "கோல்கீப்பர், நம்ம மாதா கோயில் மணி அடிக்கிறவரோட மகன், ஃபாதர். ரெண்டு பேக்கும் பாடகர் குழு. அப்புறம் உபதேசியார் மகன்கள் ரெண்டு பேரு. மாலை ஜெபத்துக்குக் கிளம்பினவங்கதான், அந்த வழியா வந்தாங்க."

அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "நடுவுல ஆடுனது யாருன்னு நெனைக்கீய? தென்காசிப் பக்கத்துலேர்ந்து வந்து எறங்குன ஒரு அண்ணாச்சி. டீ குடிச்சிக்கிட்டு நின்னாவ. கூட அதே பஸ்ல வந்தவுக மூணு பேரு. பையக் கோல் போஸ்ட் பக்கத்துல வச்சிட்டுத்தான் எறங்குனாவ."

அப்பா பக்கம் வந்தார். "மீன்பாடி வண்டில சுண்ணாம்பு மூட்டய ஏத்தினு வந்தவரு நைனா! ஆளு பத்தலன்னதும் லுங்கிய மடிச்சிக் கட்டினு எறங்கிட்டாரு. அவுரு தம்பிங்க ரெண்டு பேரு கரைல வல காய வச்சினு இருந்தாங்க, கூவுனதும் ஓடியாந்தாங்க."

கடைசியாகக் கேப்டனிடம். கேப்டனின் பேரன் முன் வரிசையில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். மேனேஜர் அந்தப் பையனைப் பார்த்துத்தான் சொன்னார். "உங்க தாத்தா பந்தில பாதில எழுந்துட்டாரு கண்ணு. எலய மூடிட்டு, லாரி புடிச்சி, செகண்ட் ஹாஃபுக்கு வந்து சேந்தாரு. ரெண்டாவது கோலுக்குப் பாஸு அவருதான். இத அவரு உங்களாண்ட சொல்லிருக்க மாட்டாரு, பெருந்தன்ம."

கேப்டன் கர்சீப்பை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். அப்பா நாற்காலியில் நிமிர்ந்து, இல்லாத யாருக்கோ தலையசைத்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி எழுந்து நின்று கைதட்டினார்.

நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஐந்து, நான்கு, மூன்று, ஒன்று. பதின்மூன்று. சந்தேகமாக இருந்ததால் மறுபடி எண்ணினேன். பதின்மூன்றுதான்.

விழா முடிந்து டீ குடிக்கும்போது ஃபாதர் என்னிடம் வந்தார். மைதானம் உங்களிடமே இருக்கும், பேரவையில் பேசிவிடுகிறேன் என்றார். எனக்கு அடக்க முடியவில்லை.

"ஃபாதர், அவர் சொன்னதுல பதிமூணு பேர் வராங்க."

"நானும் எண்ணினேன் தம்பி" என்றார் ஃபாதர், பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி. "அஞ்சு அப்பம் ஐயாயிரம் பேருக்குப் பத்துச்சுன்னு ஞாயித்துக்கிழமை பூசைல நின்னு வாசிக்கிறவன் நான். நான் போய்க் கணக்குக் கேட்டா நல்லா இருக்குமா?"

மலர் அச்சானபோது என் கட்டுரையின் கடைசி வரி மட்டும் அதில் இல்லை. எடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை. அம்மா அதை ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறாள்.

நான் பெருங்குடியில் வேலைக்குப் போய்விட்டேன். ஞாயிறுகளில் மட்டும் மைதானத்துக்குப் போவேன். போன வருடம் ஒரு காலை ஐந்தரைக்குப் பையன்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள், மேனேஜர் வரவில்லை. தூக்கத்திலேயே போயிருந்தார்.

அவர் வீட்டு வாசலில் ஷாமியானாவுக்குக் கீழே கூட்டம் கொள்ளவில்லை. கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கிற வேலை என்னிடம் வந்தது. எழுதுகிற வேலை எப்போதும் என்னிடம்தான் வரும். படம் இருந்தது, வயது இருந்தது. பெயருக்கு மேலே ஊர் போட வேண்டும்.

"தென்காசிப் பக்கம்னு போடுல. எங்க ஊருக்கு மேற்கே ரெண்டாவது ஊரு" என்றார் அண்ணாச்சி.

"இன்னா சார் தென்காசி? அவுரு பட்டினப்பாக்கம்" என்றார் அப்பா. "எங் கையால மீன் வாங்கும்போது அவுரே சொன்னாரு."

சிந்தாதிரிப்பேட்டைக் கேப்டன் பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, மேனேஜர் தங்கள் பக்கத்துத் தெரு என்றார். மாட வீதி மாமி ஒருவர் கும்பகோணம் என்றார். யாரும் சந்தேகமாகச் சொல்லவில்லை. நான் உள்ளே போய் மேனேஜரின் மனைவியிடம் கேட்டேன்.

"எங்கப்பா கிட்ட போளூர்னு சொல்லித்தான் பொண்ணு கேட்டாரு" என்றார் அந்த அம்மா. "எங்க ஊரும் போளூருதான். சொந்தம்னு யாரும் இல்ல, ஊர்ப் பையனா இருக்கானேன்னு அப்பா குடுத்துட்டாரு. மொத பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். பஸ்ஸை விட்டு எறங்கினா, அவருக்கு ஒரு தெரு தெரியல. நான்தான் வழி காட்டிக் கூட்டிட்டுப் போனேன்."

"நீங்க கேக்கலையா?"

"கேட்டா வேற ஏதாவது ஊரு சொல்லியிருப்பாரு. எதுக்கு?" என்றார். "பாவம், அவரு அன்னிக்கு எங்க ஊரை அவ்ளோ ஆசையா பாத்துட்டு வந்தாரு."

பத்து வருடம் நான் அவருடன் இருந்தேன். சந்தித்த ஒவ்வொருவரிடமும் அவர் கேட்ட கேள்வியை நானும் ஒருமுறை அவரிடம் கேட்டிருக்கலாம்.

மந்தைவெளி பேனர் கடையில் ஓர் இளைஞன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். எனக்கு முன்னால் நான்கு பேர், காதுகுத்து, கடைத் திறப்பு என்று காத்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஆகாது என்றான். மூன்று மணிக்கு எடுத்துவிடுவார்கள் என்றேன். மானிட்டரிலிருந்து கண்ணைத் திருப்பாமல், "சரி, படம் குடுங்க. பேரு ஓகே. எந்த ஊருன்னு போடணும் சார்?" என்றான்.

நான் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு அவனைப் பார்த்தேன்.

"உங்களுக்கு எந்த ஊரு?"

"எனக்கா? செய்யாறு சார்."

"அட!" என்றேன். "அவரும் செய்யாறுதான்."

அவன் முதன்முறையாகத் திரும்பி என்னைப் பார்த்தான். காதுகுத்தை ஒரு பக்கம் நகர்த்திவிட்டு, மேனேஜரின் முகத்தைப் பெரிதாக்கினான். நான் கேட்காமலே கீழே ஒரு கால்பந்தைச் சேர்த்தான்.